வாசகர் கேள்வி – பதில்: கனரக பிக்கப் வண்டியின் அதிர்வு எங்கிருந்து வருகிறது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. எஞ்சினில் தொடங்கி கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு வழியாகச் சக்கரம் வரை நீளும் தொடரில் எங்கோ எழும் அதிர்வு, கனரக பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் பலரைத் தொல்லைப்படுத்துகிறது என்று தெரிகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடையது இரட்டைக் கேபினும் நீளமான சரக்குத் தொட்டியும் உள்ள, நான்கு சக்கர இயக்க வசதி கொண்ட டீசல் பிக்கப். வரிசையாக ஆறு சிலிண்டர், ஆறு கியர் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ், பின் அச்சின் விகிதம் 3.73, டயர் அளவு 275/70 ஆர் 18. மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் இருக்கையும் தரையும் அதிரத் தொடங்குகின்றன. 100-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய், 115-க்கு மேல் சற்றுத் தணிகிறது. ஸ்டீயரிங் அவ்வளவாக ஆடுவதில்லை. 100-இல் எஞ்சின் நிமிடத்துக்கு 1600 சுற்று காட்டுகிறது. இரண்டு முறை வீல் பேலன்ஸ் செய்தேன். நான்கு டயர்களையும் மாற்றினேன். ஒரு பணிமனையில் கியர்பாக்ஸ் மவுன்டிங்கையும் மாற்றினார்கள். எதற்கும் பலனில்லை. இப்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை முழுவதுமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஷாஃப்ட்தான் குற்றவாளியாக இருக்கவும் கூடும். ஆனால் அதை உறுதிப்படுத்தும் சான்று எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் இதுவரை செய்தவை அனைத்தும் ஊகத்தின் பேரில் பாகத்தை மாற்றிப் பார்த்தவையே. அதிர்வைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பாகம் கெட்டது?" என்பதன்று, "இந்த வேகத்தில், இந்த எண்ணிக்கையில் சுழல்வது எது?" என்பதே. உங்கள் வண்டியில் சுழல்பவை மூன்று கூட்டம்: எஞ்சினோடு சுழல்பவை, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோடு சுழல்பவை, சக்கரத்தோடு சுழல்பவை. மூன்றும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அந்த டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.6 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர், ஆகவே சக்கரம் வினாடிக்கு 10.7 சுற்று சுழலும். அச்சின் விகிதம் 3.73 என்பதால் ஷாஃப்ட் அதைப்போல் 3.73 மடங்கு, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 40 சுற்று. எஞ்சின் 1600 சுற்று என்றால் வினாடிக்கு 26.7. இனி ஒவ்வொன்றும் எத்தகைய அதிர்வைத் தரும் என்று பாருங்கள். சமனற்ற டயரோ வளைந்த ரிம்மோ சுற்றுக்கு ஒரு முறை உதைக்கும், எனவே 10.7 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 10.7 முறை. அது உடலை உலுக்குவதுபோல் இருக்கும், தொடைச் சதை ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். சமனற்ற ஷாஃப்ட் 40 ஹெர்ட்ஸ். அது உலுக்கலாக அல்லாமல், தரையிலும் இருக்கையிலும் மின்மோட்டார் ஓடுவதுபோன்ற நடுக்கமாகத் தெரியும். ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட்டுகள் (இரு தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் சிலுவை வடிவ மூட்டுகள்) தவறான கோணத்தில் இருந்தால் சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது 80 ஹெர்ட்ஸ். அதை உடலைவிடக் காது முதலில் அறியும், கேபினுக்குள் ரீங்காரமாக.

உங்கள் வண்டியில் ஒரு விநோதம் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர்கள் வெடிக்கும். 26.7-ஐ மூன்றால் பெருக்கினால் 80. எஞ்சின் வெடிப்பின் எண்ணிக்கையும் ஜாயின்ட் கோணத்தின் எண்ணிக்கையும் உங்கள் ஆறாவது கியரில் ஒன்றாகவே வந்து நிற்கின்றன! அதிர்வுமானியை வைத்து 80 என்று படித்துவிட்டு ஒருவர் மவுன்டிங்கைக் குறை கூறலாம், இன்னொருவர் ஷாஃப்டைக் குறை கூறலாம். அளவு ஒன்றேயானாலும் யாராவது ஒருவர் தவறாகத்தான் இருப்பார். இரண்டையும் பிரிக்க ஓட்டிப் பார்க்கும் சோதனைதான் வழி.

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை மெல்ல 1200-இலிருந்து 2500 சுற்றுவரை ஏற்றிப் பாருங்கள். 1600-ஐ ஒட்டி அதே அதிர்வு வந்தால் ஷாஃப்டும் சக்கரமும் நிரபராதிகள். எஞ்சின், அதன் மவுன்டிங்குகள், விசிறி, புகைக்குழாய் எங்காவது சட்டத்தில் உரசுவது ஆகியவற்றைப் பாருங்கள். வரவில்லை என்றால் வாகன நெரிசலற்ற நேரான சாலையில், பாரமும் டிரெய்லரும் இல்லாமல், 105-க்குப் போய் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். சாவியைத் தொட வேண்டாம். எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங்கின் துணை போய்விடும், பிரேக்கின் துணையும் நீடிக்காது. எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியும் அதிர்வு மாறாமல் நீடித்தால் அது ஷாஃப்டிலோ சக்கரத்திலோதான் இருக்கிறது. சட்டென்று மறைந்தால், எஞ்சினிலோ, டார்க் கன்வெர்ட்டரிலோ (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகத் தானியங்கி கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), இழுவிசை இருக்கும்போது மட்டும் வெளிப்படும் ஜாயின்ட் கோணத்திலோ இருக்கிறது. மூன்றாவதாக, அதே 100-இல் ஐந்தாவது கியருக்கு இறக்குங்கள். சாலை வேகம் மாறாததால் சக்கரமும் ஷாஃப்டும் முன்போலவே சுழலும். எஞ்சின் மட்டும் வேகம் கூடும். அதிர்வின் தன்மையும் உச்ச வேகமும் மாறவில்லை என்றால் எஞ்சினை மறந்துவிடலாம். மேலே சொன்ன 80-க்கு 80 குழப்பத்தையும் இந்தச் சோதனைதான் தீர்க்கும்.

நீங்கள் விவரித்ததைக்கொண்டு பார்த்தால், ஸ்டீயரிங் அமைதி, இருக்கையில் நடுக்கம், டயர் மாற்றியும் பலனின்மை என்ற மூன்றும் ஷாஃப்டைத்தான் சுட்டுகின்றன. வேகம் கூடக்கூட 115-க்கு மேல் தணிவது உங்களைக் குழப்ப வேண்டாம். சமனின்மையின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறிக்கொண்டேதான் போகும். ஆனால் அச்சும் சட்டமும் கேபினும் தத்தம் இயல்பான அதிர்வெண்ணை ஒட்டி அதைப் பெரிதாக்கிக் காட்டும், அதைக் கடந்தபின் காட்டாது. விசை எவ்வளவு என்று அறிய விரும்பினால், ஷாஃப்டின் மையத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருந்த 30 கிராம் எடைத்துண்டு ஒன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2400 சுற்றில் அந்த இழப்பு ஏறத்தாழ 95 நியூட்டன் விசையைத் தரும். கிட்டத்தட்ட பத்து கிலோ எடை ஷாஃப்டைச் சுற்றிச்சுற்றி வினாடிக்கு நாற்பது முறை இழுப்பதற்குச் சமம்.

சோதனைகள் ஷாஃப்டையே காட்டினாலும் உடனே புதியது வாங்காதீர்கள். வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். குழாயில் ஒடுக்கு இருக்கிறதா, எடைத்துண்டு பிய்ந்த வெல்டிங் தடம் பளிச்சென்று தெரிகிறதா, துருத்தடுப்புப் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருக்கிறதா? உங்கள் வண்டியின் நீளத்துக்கு ஷாஃப்ட் இரண்டு துண்டாகத்தான் இருக்கும். நடுவில் சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பிறகு துருவைச் சுத்தம் செய்து, டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) முன், நடு, பின் என மூன்று இடங்களில் வைத்து ஷாஃப்டைக் கையால் சுழற்றினால், ஊசலாட்டம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும் இடம் சந்தேகத்துக்குரியது. அடுத்து, செலவே இல்லாத ஒரு வேலை: பின் அச்சின் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியை அச்சுக்குள் வாங்கும் கியர்) ஃபிளேஞ்சில் பெயின்டால் குறியிட்டு, ஷாஃப்டைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மீண்டும் பூட்டி ஓட்டிப் பாருங்கள். ஃபிளேஞ்சின் சிறு கோணலும் ஷாஃப்டின் சிறு கோணலும் ஒரே பக்கமாகச் சேர்ந்திருந்தால் இப்போது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பலர் இந்த ஒரு வேலையோடு முடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதிர்வு கூடினாலும் அது நல்ல செய்திதான், இடம் தெரிந்துவிட்டது.

நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன் ஷாஃப்டையும் மறக்க வேண்டாம். முன் ஹப்போ முன் அச்சோ தனியே விடுபடும் அமைப்பு இல்லாத வண்டிகளில், இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போதும் முன் ஷாஃப்ட் வீணாகச் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அதை மட்டும் கழற்றிவைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அரை மணி நேர வேலை. இவ்வளவுக்கும் பிறகு குழாய் வளைந்திருப்பது உறுதியானால் ஷாஃப்டை மாற்றுங்கள். வளையவில்லை என்றால் பேலன்ஸ் செய்தால் போதும்.

கேள்வி: ஒற்றைக் கேபின் பிக்கப், ஒரே துண்டு ஷாஃப்ட். பின்புறத்தை உயர்த்த லீஃப் ஸ்ப்ரிங் பட்டைகளுக்கு அடியில் கட்டை வைத்தேன். அதன்பின் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, மணிக்கு 10-இலிருந்து 40 கிலோமீட்டர்வரை வண்டி குலுங்குகிறது. கட்டையோடு வந்த குறிப்பில், பினியனின் மூக்கு ஷாஃப்டை நேராகப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததால், சரிவான கட்டையைத்தான் வைத்தேன். வேறு என்ன தவறு?

பதில்: அந்தச் சரிவான கட்டையேதான் தவறு. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு மிகப் பரவலானது.

கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இந்த இயல்பை ஆராய்ந்திருக்கிறார். கோணம் 2.5 பாகை என்றால் ஏற்ற இறக்கம் நூற்றில் 0.1 பங்கை எட்டாது. கோணம் 5 பாகையானால் அது ஏறத்தாழ 0.4 பங்கு, கோணம் இரட்டித்தால் கோளாறு நான்கு மடங்கு. இதைச் சமாளிக்கும் உத்தி, ஷாஃப்டின் மறுமுனையில் அதே அளவு கோணத்தில் இன்னொரு ஜாயின்ட்டை வைப்பது. முதலாவது செய்த கோளாறை இரண்டாவது நேர்செய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: இரு கோணங்களும் ஒரு பாகைக்குள் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 பாகை சரிந்திருக்கிறது, உயர்த்தியபின் ஷாஃப்ட் 8 பாகை சரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஜாயின்ட்டின் கோணம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, 5 பாகை. சரிவான கட்டை பினியனின் மூக்கைத் தூக்கி, அதன் சரிவை 6 பாகைக்குக் கொண்டுவந்தால் பின் ஜாயின்ட்டின் கோணம் 2 பாகைதான். ஐந்தின் கோளாறை இரண்டால் எப்படி நேர்செய்ய முடியும்? பினியன் கியர்பாக்ஸுக்கு இணையாக, அதாவது அதே 3 பாகையில் இருந்திருந்தால் இருபுறமும் 5 ஆகிச் சமப்பட்டிருக்கும். பினியன் ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும் என்ற விதி, கியர்பாக்ஸ் முனையில் இரட்டை கிராஸ் ஜாயின்ட் பொருத்திய ஷாஃப்டுக்கு மட்டுமே உரியது. அங்கே அந்த இரட்டை ஜாயின்ட் தன் கோளாறைத் தானே தீர்த்துக்கொள்கிறது.

கிளம்பும்போது மட்டும் குலுங்குவதற்கும் காரணம் இருக்கிறது. முதல் கியரில் முறுக்கு விசை மிக அதிகம். அந்த விசைக்குப் பட்டைகள் சற்று முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கை மேலும் மேலே தூக்கும். ஏற்கெனவே குறைந்துவிட்ட பின் கோணம் இன்னும் குறைந்து, முன்னதோடு உள்ள வேறுபாடு கூடும். அதனால்தான் பட்டை வைத்த வண்டியில் நின்ற நிலையில் பினியனை ஒரு பாகை அளவு தாழ்த்தியே வைப்பார்கள். சரிவற்ற கட்டைக்கு மாற்றி, தேவைப்பட்டால் ஆப்பு வடிவத் தகடு செருகி இணையாக்குங்கள். அளக்கும்போது வண்டி தன் சக்கரங்களில் சமதளத்தில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. வழக்கமாகப் பாரம் ஏற்றுபவர் பாரத்தோடும் ஒரு முறை அளப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சமப்படுத்தினாலும் 5 பாகை என்பது கூடுதல்தான். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது எல்லையை ஒட்டியது. 3 பாகைக்குள் இருப்பதே நெடுஞ்சாலை வேகத்துக்கு ஏற்றது. அதற்காகக் கோணத்தைப் பூஜ்யமாக்கவும் கூடாது. அரைப் பாகையாவது இருந்தால்தான் கிராஸின் ஊசிப் பேரிங்குகள் உருண்டு கிரீஸைப் பரப்பும். இல்லையேல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். உயரத்தை ஓரளவு குறைத்துக்கொள்ள மனம் வந்தால் அதுவே எளிய தீர்வு.

இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ளவர்களுக்கு இதே குலுக்கல் பெரும்பாலும் சென்டர் பேரிங்கில் வெளிப்படும். அங்கே பேரிங் தாங்கியை சில மில்லிமீட்டர் தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ கோணம் மாறும். ஒவ்வொரு தகடாகச் செருகி ஓட்டிப் பார்ப்பதே வழி.

கேள்வி: மணிக்கு 65-இலிருந்து 80 கிலோமீட்டருக்குள், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, வரி வரியாக மேடிட்ட சாலையில் ஏறியதுபோல் ஓரிரு வினாடிகள் அதிர்ந்துவிட்டு நின்றுவிடுகிறது. கிராஸ்களைப் புதிதாக மாற்றிவிட்டேன்.

பதில்: கிராஸுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. வந்து போகும் அதிர்வைச் சமனின்மை தராது. சமனற்ற பொருள் அந்த வேகம் இருக்கும்வரை அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் விவரிப்பு, தானியங்கி கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டு கிளட்ச் பிடித்தும் வழுக்கியும் தடுமாறுவதோடு அப்படியே பொருந்துகிறது. அதிர்வு வரும்போது, ஆக்ஸிலரேட்டரை அதே நிலையில் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தொடுகையிலேயே பூட்டு விடுபடும். எஞ்சின் சுற்று சற்று ஏறி, அதிர்வும் அந்தக் கணமே நின்றால் சந்தேகம் தீர்ந்தது. எண்ணெய் பழையதா, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகைதானா என்று பாருங்கள். சரியான எண்ணெயை மாற்றியதிலேயே பல வண்டிகள் குணமாகின்றன.

ஒரு எச்சரிக்கை: ஏதேனும் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போனாலும் இதே உணர்வுதான் வரும், பூட்டு விடுபட்டதும் அதுவும் மறைந்ததுபோல் தோன்றும். ஆகவே கன்வெர்ட்டரைக் கழற்றுவதற்கு முன் ஸ்கேன் கருவியில் ஒவ்வொரு சிலிண்டரின் எரிப்புத் தவறு எண்ணிக்கையையும், டீசல் என்றால் இன்ஜெக்டர் சமநிலை அளவுகளையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சேற்றில் ஓட்டிவிட்டு வந்த மறுநாளிலிருந்து வண்டி முழுவதும் உலுக்குகிறது.

பதில்: ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். கழுவுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டு டயர்களுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: கைபேசியில் அதிர்வு அளக்கும் செயலியைப் போட்டு இருக்கைத் தண்டவாளத்தில் கட்டினேன். மணிக்கு 100 கிலோமீட்டரில் 20 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. என் வண்டியின் டயரும் அச்சு விகிதமும் 275/70 ஆர் 18, 3.73. சக்கரச் சுழற்சியின் இருமடங்கு என்பதால் டயர்தான் நீள்வட்டமாகிவிட்டது என்று முடிவு செய்தேன். டயர் கடையில் அளந்து, டயரில் குறையே இல்லை என்கிறார்கள்.

பதில்: டயர் கடையை நம்புங்கள். உங்கள் கணக்கின் வழி சரியானதே. கைபேசிதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

பல கைபேசிகளில் செயலிக்குக் கிடைக்கும் அதிர்வு அளவு வினாடிக்கு 100 முறைதான் எடுக்கப்படுகிறது. வினாடிக்கு 100 முறை பார்க்கும் கண்ணால் 50 ஹெர்ட்ஸ்வரை மட்டுமே உள்ளபடி காண முடியும். அதற்கு மேற்பட்ட அதிர்வு, திரையில் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றும் சக்கரத்தைப்போல, போலி உருவம் எடுத்துக்கொண்டு கீழே வந்து நிற்கும். நூறில் எண்பதைக் கழித்தால் இருபது. 80 ஹெர்ட்ஸ் என்பது, முதல் கேள்வியில் கணக்கிட்டதுபோல், உங்கள் வண்டியில் ஷாஃப்ட் சுழற்சியின் இருமடங்கு, அதாவது ஜாயின்ட் கோணத்தின் எண். சக்கரச் சுழற்சியின் இருமடங்கோ 21.4. இவை இரண்டும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் விழுவது உங்கள் துரதிர்ஷ்டம்.

எது உண்மை என்று அறிய எளிய வழி இருக்கிறது. வேகத்தை 110-க்கு உயர்த்துங்கள். அதிர்வு டயரிலிருந்து வருவதானால் எண் 23 அல்லது 24-க்கு ஏறும். ஷாஃப்டிலிருந்து வருவதானால் உண்மை அதிர்வு 88-க்கு ஏறும், திரையிலோ எண் 12-க்கு இறங்கும். வேகம் கூடும்போது எண் இறங்கினால் அது போலி. செயலியில் அளக்கும் எண்ணிக்கையை 200-க்கோ அதற்கு மேலோ உயர்த்தும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். கைபேசியை ரப்பர் தாங்கியில் வைக்காமல் இரும்போடு இறுக்கிக் கட்டியதற்கு உங்களைப் பாராட்டுகிறேன்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு பொறி: பின் அச்சின் விகிதம் 4.10 உள்ள வண்டியில், அதே டயரோடு 100-இல் ஷாஃப்டின் சுழற்சி 43.8, சக்கரச் சுழற்சியின் நான்கு மடங்கு 42.7. இரண்டுக்கும் இடைவெளி ஒன்றே ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒலித்தால், ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறை எழுந்து அடங்கும் முழக்கம் கேட்கும். அதைக் கேட்பவர் குற்றவாளி ஒன்றுதான் என்று நினைத்துத் தேடக் கூடாது. இரண்டில் எது குறைந்தாலும் முழக்கம் மறையும், எனவே எளிதில் சரிசெய்யக்கூடிய டயரிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: இரண்டு கிராஸ்களும் ஆட்டம் கண்டதால் மாற்றினேன். மாற்றும் முன் இல்லாத நடுக்கம், மாற்றியபின் மணிக்கு 70 கிலோமீட்டரிலிருந்தே வருகிறது. புதிய கிராஸே பழுதா?

பதில்: கிராஸைவிடப் பூட்டிய விதத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஷாஃப்டைக் கழற்றும் முன் குறியிட்டீர்களா? ஷாஃப்டின் பற்களிலேயே முன்னும் பின்னும் நழுவும் யோக் (நழுவு யோக்) இருந்தால், அதைப் பல்லிலிருந்து உருவி, ஒரு பல் தள்ளிச் செருகினாலும் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இல்லாமல் போய்விடும். ஒரு ஜாயின்ட்டின் கோளாறை மற்றது முழுவதும் கழிக்காது. ஷாஃப்டை மேசையில் வைத்து இரு யோக்குகளின் காதுகளையும் ஒரே கோட்டில் பார்த்தால் இது தெரிந்துவிடும். சில ஷாஃப்டுகளில் தயாரிப்பாளரே வேண்டுமென்று சிறு கோண வேறுபாடு வைப்பதுண்டு என்பதால், வண்டியின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பேரிங் கிண்ணங்கள். பூட்டும்போது ஊசி ஒன்று சாய்ந்து கிண்ணத்தின் அடியில் விழுந்திருந்தால், கிண்ணம் முழுவதும் உள்ளே போகாது, பூட்டு வளையமும் தன் வரிப்பள்ளத்தில் சரியாக உட்காராது. கிராஸ் மையத்திலிருந்து விலகி நிற்கும். அந்த விலகலே சமனின்மைதான். கையால் மடக்கிப் பார்க்கும்போது ஒரு திசையில் எளிதாகவும் இன்னொரு திசையில் பிடித்துப் பிடித்தும் அசைந்தால் மீண்டும் கழற்றுங்கள். பிடிப்பு லேசானதாக இருந்தால், யோக்கின் காதைப் பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே கிண்ணம் தன் இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் நடுக்கம் குறையவில்லை என்றால் பேலன்ஸ்தான். பேலன்ஸ் இயந்திரம் பக்கத்தில் இல்லாதவர்களுக்குப் பழைய உத்தி ஒன்று உண்டு. ஷாஃப்டின் பின் முனையில், சுற்றளவை நான்காகப் பிரித்து எண் இடுங்கள். குழாய் இறுக்கும் கிளிப் ஒன்றை, அதன் திருகுத் தலை முதல் எண்ணில் நிற்கும்படி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எந்த இடத்தில் நடுக்கம் மிகக் குறைவோ அந்தப் பக்கம்தான் எடை குறைந்த பக்கம். அங்கே இரண்டாவது கிளிப்பையும் சேர்த்து, இரு தலைகளையும் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டே போனால் சேர்ந்த எடையின் பலன் குறையும். மிக அமைதியான இடம் கிடைக்கும்வரை விலக்குங்கள். ஒரு நாள் முழுவதும் பிடிக்கும், பொறுமையும் வேண்டும். ஆனால் இயந்திரத்துக்கு அனுப்பும் முன், குறை பேலன்ஸில்தான் இருக்கிறது என்பதை இது நிரூபித்துவிடும்.

கேள்வி: ஷாஃப்டை நானே கழற்றிச் சோதிக்க விரும்புகிறேன். கவனிக்க வேண்டியவை என்ன? கழற்றும்வரை இந்த அதிர்வோடு ஓட்டலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீண்ட நாளாக ஒரே அளவில் இருக்கும் அதிர்வு தொல்லைதானே தவிர, உடனடி ஆபத்து அன்று. வாரத்துக்கு வாரம் வளரும் அதிர்வு, பின்னோக்கி எடுக்கும்போது கிரீச் கிரீச் என்ற ஒலி, கியர் மாற்றும்போது டங்கென்ற அடி, கிராஸின் கிண்ணத்தைச் சுற்றிச் செந்துருத் தூள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்ட வேண்டாம். கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன் முனை சாலையில் விழுந்தால், ஓடும் வண்டி அதன்மேல் ஊன்றிக்கொள்ளும். அதுவரை போகவிட்ட வண்டிகளில் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் அறுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது மறக்கக் கூடாத ஒன்று: தானியங்கி கியர்பாக்ஸின் "பி" நிலை பூட்டுவது கியர்பாக்ஸின் வெளித்தண்டைத்தான். பின் சக்கரத்துக்கும் அதற்கும் இடையே உள்ள ஒரே பிடிப்பு ஷாஃப்ட். அதைக் கழற்றிய கணமே "பி"-யில் நிற்கும் வண்டி நியூட்ரலில் நிற்கும் வண்டியாகிவிடும். அடியில் படுத்திருப்பவர்மேல் வண்டி உருளுவது இப்படித்தான். ஆகவே போல்ட்டைத் தொடுவதற்கு முன் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, இரு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை நம்பாமல் தாங்கியில் நிறுத்துங்கள். இரண்டு துண்டு ஷாஃப்டில் சென்டர் பேரிங்கின் போல்ட்டுகளை எடுக்கும்போது ஒருவர் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அது எதிர்பார்ப்பதைவிடக் கனமானது. கிராஸின் கிண்ணங்கள் கழன்று ஊசிகள் சிதறாதிருக்க அவற்றை நாடாவால் சுற்றிவிடுங்கள். நழுவு யோக் கியர்பாக்ஸுக்குள்ளோ நான்கு சக்கர கியர் பெட்டிக்குள்ளோ செருகியிருக்கும் அமைப்பானால், உருவியதும் எண்ணெய் ஒழுகும். அதற்கேற்ற அடைப்பானைத் தயாராக வைத்துக்கொண்டே உருவுங்கள்.